கொல்லைப்புறத்தில் ஸ்பானிஷ்

தோட்டத்துக்கு ஸ்பானிஷ் மொழியில் 'ஹர்தீன்' என்று பெயர்.

இந்த வார விஷயம் இவ்வளவுதான். அகராதியும் இத்துடன் நிறுத்திக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறது. ஆனால் அகராதி எழுதினவருக்கு வாராவாரம் ஒரு பக்கத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு இருக்கிறது. அதோடு, இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்காக எங்கள் தெருவில் ஒருவர் ஒன்றரை மாதம் பாடுபட்டார். அவரைப் பற்றிப் பிறகு. முதலில் வார்த்தை.

எழுத்தில் பார்த்தால் இது ஆங்கில 'ஜே'யில் ஆரம்பிக்கும். உடனே 'ஜார்டின்' என்று கிளம்பிவிடாதீர்கள். ஸ்பானிஷில் ஜே என்றால் 'ஹ'. ஸ்பெயின்காரர்கள் அதைத் தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்ட மாதிரி கரகரவென்று எடுப்பார்கள். கடல் தாண்டி கொலம்பியா, கியூபா பக்கம் போனால் அதே எழுத்து மெத்தென்று மூச்சுக்காற்றாக வரும். நாம் 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் இருக்கும் 'க' எப்படி ஒலிக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். (பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தால் மனசுக்குள்.) அதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

அடுத்தது 'தீ'. ஆங்கில 'டி' எழுத்துதான். ஆனால் நாக்கை மடக்கக் கூடாது. 'காது', 'பாதை' என்கிறோமே, அந்த மெல்லிய ஒலி. வெள்ளைக்காரர்கள் இதை வரவழைக்கக் காசு கொடுத்து வகுப்புக்குப் போகிறார்கள். நமக்கு அம்மா ஓசியில் கொடுத்தது.

அழுத்தமும் அந்தத் 'தீ'யில்தான். அதைக் காட்ட எழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதிலாகச் சாய்வாக ஒரு கோடு போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், பன்மையில் 'ஹர்தீனெஸ்' என்று ஆனவுடன் கோடு காணாமல் போய்விடும். காரணம் சுலபம். உயிரெழுத்திலோ, என் அல்லது எஸ் எழுத்திலோ முடிகிற வார்த்தைகளுக்குக் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம் என்பது அங்கே பொதுவிதி. 'ஹர்தீன்' என்னில் முடிந்தும் கடைசி அசையில் அழுத்தம் வைத்துக்கொண்டு விதியை மீறுகிறது. அதனால் அடையாளக் கோடு. 'ஹர்தீனெஸ்' ஒழுங்காக விதிப்படி நடக்கிறது, கோடு வேண்டாம். நம் ஊர் ஹெல்மெட் சட்டத்துக்கு நேர்மாறு. இங்கே விதியை மீறினால்தான் தலையில் மாட்ட வேண்டும்.

அப்புறம் ஆண், பெண் சமாச்சாரம். நான் பி.காம். 'வருவதைப் பற்று வை, போவதை வரவு வை' என்று மூன்று வருஷம் உருப்போட்டவன். எந்தக் கணக்கையும் ஏதாவது ஒரு தலைப்பில் எழுதியே ஆக வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஸ்பானிஷும் அதே கட்சி. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆணாகவோ பெண்ணாகவோ பதிவாக வேண்டும். தோட்டம் ஆண்: 'எல் ஹர்தீன்'. அதில் இருக்கும் மரமும் ஆண். மரத்தில் பூக்கும் பூ மட்டும் பெண்: 'லா ஃப்ளோர்'. மேஜை பெண்; அவர்களும் அதை 'மெஸா' என்றுதான் சொல்கிறார்கள். (நம் மேஜை போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. ஸ்பானிஷும் போர்ச்சுக்கீஸும் அக்கா தங்கை.) ஏன் இப்படி என்று கேட்கக் கூடாது. டிரையல் பாலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஸ்பானிஷில் அந்த வசதி கிடையாது.

இனி வாக்கியம். 'எஸ்தோய் என் எல் ஹர்தீன்' என்றால், 'நான் தோட்டத்தில் இருக்கிறேன்'. தோட்டத்துக்குப் போவதானால்? 'க்கு' என்பதற்கு 'ஆ'. அது 'எல்'லோடு மோதி 'ஆல்' ஆகிவிடும். நாம் எட்டாம் வகுப்பில் படித்த புணர்ச்சி விதி மாதிரிதான். 'போகிறேன்' என்பதற்கு ஸ்பானிஷ் என்ன தெரியுமா? 'போய்'. நிஜமாகவே! எழுதும்போது 'வி' எழுத்து. ஒலிக்கும்போது பஸ்ஸில் வரும் 'ப'. 'போய் ஆல் ஹர்தீன்.' பாதி தமிழ் பேசியாகிவிட்டது.

*

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு வதந்தி உலவுகிறது. மாலை வகுப்பில் எட்டு மாதம் படித்திருக்கிறேன். தடிமனான அகராதி ஒன்று வைத்திருக்கிறேன். வதந்திக்கு இது போதாதா? அதை நம்பித்தான் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

டீச்சர் 34 வருஷம் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்பில் எனக்கும் எடுத்திருக்கிறார். இன்றைக்கும் அவர் முன்னால் போய் நின்றால் என் கை தானாகச் சட்டைப் பட்டனைச் சரி பார்க்கும்.

"ஏம்ப்பா, உனக்கு ஸ்பெயின் பாஷை தெரியுமாமே?"

"கொஞ்சம், டீச்சர்."

"கொஞ்சம் போதும். எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வேணும்."

டீச்சரின் மகள் ஸ்பெயினில், வலென்சியா என்கிற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். நாலு வயசில் ஒரு பேரன். மகள் அவனிடம் தமிழில்தான் பேசுகிறாள். அவனுக்குப் புரிகிறது. பதில் மட்டும் ஸ்பானிஷில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால், "பாட்டி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

"அதுவும் பாட்டி இல்லப்பா. 'பாத்தி'!"

ஸ்பானிஷில் நம்முடைய 'ட' கிடையாது என்று விளக்கினேன். 'த'தான் வரும்.

"நல்லதுதான். நாள் பூரா கொல்லையிலயே கிடக்கிறவளைப் பாத்தின்னு கூப்பிடறதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. "முழங்கால் இருக்கிற லட்சணத்துல அவ்வளவு தூரம் பிளேன்ல உக்கார முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்களும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். போன்லதான் அவன் வளரணும். அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன், ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமில்ல. என்கிட்ட அவனுக்குக் காட்டறதுக்கு இருக்கிறது இந்தக் கொல்லை ஒண்ணுதான். 'வா, என் தோட்டத்தைக் காட்டறேன்'னு அவன் பாஷையில சொல்லிட்டா ஓடமாட்டான்னு தோணுது."

டீச்சர் வீடு கும்பகோணத்துப் பழைய வீடு. வாசல் ஒரு தெருவில். கொல்லைக் கதவைத் திறந்தால் அடுத்த தெரு. நடுவில் கிணறு. கிணற்றடியில் வாழை. சுவரோரம் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, கொய்யா. நாலு பாத்தியில் கத்தரி, மிளகாய், தக்காளி, கீரை. சாமிக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும். துவைக்கிற கல் பக்கம் ஒரு மல்லிப் பந்தல்.

இதற்கு 'ஹர்தீன்' என்று சொல்லலாமா? அங்கேதான் சிக்கல்.

*

ஸ்பானிஷில் ஹர்தீன் என்றால் கண்ணுக்கும் மூக்குக்குமான தோட்டம். பூ, புல்தரை, நிழல் மரம், உட்கார ஒரு பெஞ்சு. காய்கறியும் பழமும் விளைகிற சின்னத் தோட்டத்துக்கு வேறு வார்த்தை: 'உவெர்த்தோ'. எழுதும்போது முன்னால் ஒரு 'ஹெச்' போடுவார்கள். ஒலிக்க மாட்டார்கள். என் வாராக்கடன் மாதிரி. ஏட்டில் இருக்கும், கைக்கு வராது.

டீச்சர் உடனே பாடமாக்கிவிட்டார். "அழகுக்குன்னா ஹர்தீன், அடுப்புக்குன்னா உவெர்த்தோ. சரியா?"

"சரி டீச்சர்."

"அப்ப என் நந்தியாவட்டை? அது அழகுக்கும் இல்ல, அடுப்புக்கும் இல்ல. சாமிக்குப்பா!"

நந்தவனத்துக்கு என் அகராதியில் பதில் இல்லை. டீச்சர் விடவில்லை. தமிழில் வீட்டுக்குப் பின்னால் இருந்தால் கொல்லை, ஒரே ஜாதி மரமாக இருந்தால் தோப்பு, ஊருக்குப் பொதுவாக இருந்தால் பூங்கா என்று அடுக்கினார். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை என்று நான் ஸ்பெயினுக்கு வக்காலத்து வாங்கினேன். ஆரஞ்சு 'நரான்ஹா', ஆரஞ்சுத் தோப்பு 'நரான்ஹால்'. தேங்காய் 'கோகோ'; தென்னந்தோப்பு 'கோகோதால்'. ஆலிவ் தோப்பு 'ஒலிவார்'. மரத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டினால் தோப்பு தயார்.

கிரனாடா நகரத்தில் மட்டும் 'கார்மென்' என்று ஒன்று உண்டு. மதில் சுவருக்குள் வீடு. வீட்டை ஒட்டி பூவும் காயும் பழமும் கலந்த தோட்டம். திராட்சைக் கொடியைக் குறிக்கும் 'கர்ம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதே ஊரில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் பக்கத்தில் 'ஹெனெராலிஃபே' என்று முஸ்லிம் மன்னர்கள் போட்ட தோட்டம் இருக்கிறது. யுனெஸ்கோ 1984-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கே ராஜா உலாவின பூந்தோட்டத்துக்கு அடுத்தாற்போலவே காய்கறித் தோட்டமும் உண்டு. இன்றைக்கும் அதில் பயிர் வைக்கிறார்கள். ராஜாவானாலும் கத்தரிக்காய் வேண்டுமே!

"உங்க வீட்டைக் கார்மென்னு சொல்லலாம் டீச்சர்."

"வேண்டாம்ப்பா. ஏதோ பொம்பளை பேர் மாதிரி இருக்கு. குழந்தை யாரையோ தேடும்."

இன்னொரு விஷயம் டீச்சருக்கு ரொம்பப் பிடித்தது. ஹர்தீன் ஸ்பெயினில் பிறந்த சொல் இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இரவல் வாங்கினது. பிரெஞ்சுக்கு அது 'ஃப்ராங்க்' என்ற பழைய ஜெர்மானியக் கூட்டத்தாரின் பேச்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'வேலி போட்டு அடைத்த இடம்' என்று பொருள். ஆங்கிலத்தின் 'கார்டன்', 'யார்டு' எல்லாம் அதே குடும்பம். உவெர்த்தோ லத்தீன் வாரிசு. தோட்டக்கலைக்கு 'ஹார்ட்டிகல்சர்' என்கிறோமே, அதில் முன்பாதி.

"அப்ப முதல்ல வேலி. அப்புறம்தான் செடி" என்றார் டீச்சர். "ஆடு மேய்ஞ்ச கொல்லையைப் பார்த்தவன்தான் இந்த வார்த்தையைப் பண்ணியிருக்கணும்."

கொல்லையில் இருப்பதிலும் சில அந்நியச் சரக்குதான் என்று எடுத்துவிட்டேன். பப்பாளி, கொய்யா, மிளகாய், தக்காளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-ல் கொலம்பஸ் கப்பலேறிப் போன பிறகுதான் ஸ்பானிஷ், போர்ச்சுக்கீசியக் கப்பல்களில் உலகம் சுற்ற ஆரம்பித்தன. பப்பாளி அங்கேயும் 'பாப்பாயா'தான். டீச்சர் பப்பாளி மரத்தை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றினவருக்கு மரம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

*

பேரன் இருக்கிற ஊரில் இந்த இரண்டு வார்த்தைக்கும் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால்தான் அவன் மனசில் எது ஹர்தீன், எது உவெர்த்தோ என்பது விளங்கும்.

வலென்சியாவைச் சுற்றி இருக்கும் பாசன நிலத்துக்கு 'உவெர்த்தா' என்று பெயர். ஆண்பால் உவெர்த்தோ சின்னது. பெண்பால் உவெர்த்தா பெரியது. அங்கே ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுகிறார்கள். வாய்க்காலுக்கு 'அஸேக்கியா' என்று அரபு வழி வந்த பெயர். வாய்க்கால் இருந்தால் தகராறும் இருக்குமே! அதைத் தீர்க்க ஒரு தண்ணீர்ப் பஞ்சாயத்து நடக்கிறது. வியாழக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு, கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில், விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். வழக்கு, வாதம், தீர்ப்பு எல்லாம் வாய்மொழி. வக்கீல் கிடையாது. வாய்தா கிடையாது. பல நூற்றாண்டுப் பழக்கம். 2009-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கொடுத்தது. காவிரிப் பாசனத்தில் மடை திறக்கிற சண்டைகளைப் பார்த்து வளர்ந்த டீச்சர், "மத்தியானம் பன்னண்டு மணிக்கு எல்லாரும் வந்துடறாங்களா?" என்று அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஹர்தீன் கதை வேறு மாதிரி. வலென்சியா நடுவே ஓடின ஆறு தூரியா. 1957 அக்டோபரில் வெள்ளம் வந்து ஊரையே முழுக்கி, 80 பேருக்கு மேல் பலி வாங்கியது. அரசாங்கம் ஆற்றையே ஊருக்குத் தெற்கே புது வாய்க்கால் வெட்டித் திருப்பி விட்டுவிட்டது. ஊருக்குள் காய்ந்த படுகை மிச்சம். அதில் பெரிய மோட்டார் சாலை போடத் திட்டம் போட்டார்கள். ஜனங்கள் விடவில்லை. படுகை எங்களுடையது, அது பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று 1970-களில் போராடினார்கள். ஜெயித்தார்கள். 1980-களிலிருந்து அது தோட்டம். சுமார் 9 கிலோமீட்டர் நீளம். பழைய கல் பாலங்கள் அப்படியே நிற்கின்றன. கீழே தண்ணீருக்குப் பதில் ஜனங்கள் சைக்கிள் விட்டுக்கொண்டு போகிறார்கள். ஓரிடத்தில் மல்லாந்து படுத்திருக்கும் மாபெரும் கல்லிவர் பொம்மை. குழந்தைகள் அதன்மேல் ஏறிச் சறுக்குகிறார்கள். டீச்சரின் பேரனும்தான். அவனுக்கு ஹர்தீன் என்றால் அதுதான்.

2024 அக்டோபர் 29 அன்று மறுபடி வெள்ளம். தெற்கே திருப்பி விட்ட அந்தப் புது வாய்க்கால் ஊரின் மையத்தைக் காப்பாற்றியது. அதற்கு அந்தப் பக்கம் இருந்த சிற்றூர்கள் மூழ்கின. வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்து போனார்கள். மகள் வீடு தோட்டத்துக்கு இந்தப் பக்கம். டீச்சர் அன்று ராத்திரி தூங்கவில்லை. விடிகாலையில்தான் போன் வந்தது. பேரன் பின்னால் எங்கேயோ ஏதோ பாடிக்கொண்டிருந்தானாம். "ஒரு வார்த்தை புரியல. ஆனா அவன் சத்தம்னு தெரிஞ்சுது, அது போதும்னு இருந்துது" என்றார். பிறகு, "அன்னைக்குப் போதும். இப்ப போதலை" என்றார்.

*

"ஒரு சொல்லைக் குழந்தைகிட்ட சொல்றதுக்கு முன்னாடி அதுக்கு வேற எதாவது அர்த்தம் இருக்கான்னு பார்த்துடணும்ப்பா" என்று டீச்சர் உத்தரவு போட்டார். பார்த்தேன். பார்க்காமல் இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. நாட்டுக்கு நாடு தோட்டம் வேலி தாண்டியிருக்கிறது. அர்ஜென்டினாவில் ஒரு அம்மா, 'பையன் ஹர்தீனுக்குப் போயிருக்கான்' என்றால் பூப்பறிக்கப் போயிருக்கிறான் என்று நினைக்காதீர்கள். கிண்டர்கார்ட்டன். ஜெர்மனியின் ஃப்ரோபெல் 1840-ல் 'குழந்தைகள் தோட்டம்' என்று வைத்த பெயரை அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். மெக்ஸிகோவிலும் அது ஹர்தீன்தான். ஸ்பெயினிலும் 'குழந்தைப் பருவத் தோட்டம்' என்று சொல்வதுண்டு. கியூபாவில் பேஸ்பால் ஆட்டத்தில் மைதானத்தின் வெளிவட்டம் ஹர்தீன். அங்கே நின்று பந்து பிடிப்பவர் தோட்டக்காரர். நம் கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரமாக நகம் கடித்துக்கொண்டு நிற்பவரைத் தோட்டக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மரகதக் கல்லுக்குள் பாசி மாதிரி மங்கலாகத் தெரிகிற கறைக்கும் ஹர்தீன் என்று பெயர். மரகதத்துக்குப் பேர் போன கொலம்பியாவில் இந்தத் தோட்டம் இல்லாத கல் அபூர்வம். தோட்டமே இல்லாத பெரிய கல் யாராவது மலிவாகக் கொடுத்தால், அது கண்ணாடியோ என்று சந்தேகப்படலாம். கடைசியாக ஒன்று. பழைய கப்பல்களில் 'ஹர்தீன்' என்றால் கக்கூஸ். அகராதியில் அச்சடித்தே இருக்கிறது. இதை டீச்சரிடம் சொல்லவில்லை. அவர் படிக்கிற பத்திரிகையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதால் இப்போது சொன்னதாகிவிட்டது.

மரபுத் தொடர்கள் இன்னும் ஆபத்து. ஸ்பெயினில் 'தோட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்வது' என்றால், தேவையில்லாமல் ஏதோ பேசப் போய் வெளியே வர வழி தெரியாமல் தவிப்பது. கல்யாணப் பந்தியில் சாம்பார் பிரமாதம் என்கிறீர்கள். பக்கத்து இலைக்காரர், 'அப்ப ரசம்?' என்கிறார். 'ரசம் போன கல்யாணத்துல நல்லாயிருந்தது' என்கிறீர்கள். அவர் பெண்ணின் அப்பா. வாழ்த்துக்கள், நீங்கள் ஹர்தீனுக்குள் நிற்கிறீர்கள். மேடையில் வசனம் மறந்துபோய்த் தானாக இட்டுக்கட்டும் நடிகர்களைச் சொல்லி ஆரம்பித்த வழக்கம் என்பார்கள்.

'ஒருவரை உவெர்த்தோவுக்குக் கூட்டிக்கொண்டு போவது' அதைவிட விவகாரம். ஏமாற்றுவது என்று ஓர் அர்த்தம். ஆசை வார்த்தை சொல்லி மயக்குவது என்று இன்னோர் அர்த்தம். டீச்சர் எழுதி வைத்திருந்ததோ, 'உன்னை என் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்'. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பாரே!

விஷயத்தை நாசூக்காகச் சொன்னேன். டீச்சர் நாசூக்காகவே புரிந்துகொண்டு, "கூட்டிட்டுப் போக வேண்டாம். காட்டறேன்னே இருக்கட்டும்" என்றார்.

'காட்டுகிறேன்' என்பதற்கு ஸ்பானிஷில் 'என்ஸெஞோ'. இங்கிலீஷ்காரர்கள் திண்டாடும் அந்த 'ஞ' நம் அரிச்சுவடியிலேயே இருக்கிறது. இந்த வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள். காட்டுவது ஒன்று. கற்றுக்கொடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வார்த்தை. டீச்சர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

'தெ என்ஸெஞோ மி...' என்பது வரை முடிவாகிவிட்டது. 'மி' என்றால் 'என்'. கடைசி வார்த்தைக்குத்தான் போட்டி. கொல்லையில் பூவைவிடக் காய்தான் அதிகம். ஸ்பெயினில் பல பள்ளிக்கூடங்களில் சின்னதாகக் காய்கறித் தோட்டம் போட்டு அதற்கு உவெர்த்தோ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பேரன் பள்ளியிலும் ஒன்று இருக்கிறதாம். அதில் அவன் ஒரு கீரைச் செடிக்குச் சொந்தக்காரன் என்று மகள் சொன்னாள். ஆகவே உவெர்த்தோ. இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

*

ஞாயிற்றுக்கிழமை. இங்கே மாலை நாலு மணி. அங்கே பகல் பன்னிரண்டரை. கொல்லையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. கேமராமேன் நான்.

திரையில் பேரன் வந்தான். "பாத்தி" என்றான். கையில் கார். கால் ஓடுவதற்குத் தயாராக இருந்தது.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தெ என்ஸெஞோ மி ஹர்தீன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடம் பண்ணினது உவெர்த்தோ ஆயிற்றே! ஒன்றரை மாதம் போச்சே என்று நினைத்தபடி போனைத் திருப்பினேன். கத்தரிப் பாத்தி. மிளகாய்ப் பாத்தி. கீரை. தலைக்கு மேல் முருங்கை.

பேரன் காரைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு மிக அருகில் வந்தான். மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தது.

"நோ, பாத்தி! நோ எஸ் உன் ஹர்தீன். எஸ் உன் உவெர்த்தோ!"

தோட்டம் இல்லை பாட்டி, இது காய்கறித் தோட்டம். பாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். டீச்சர், "உவெர்த்தோ?" என்று சந்தேகமாகக் கேட்டார். அவன் "உவெர்த்தோ!" என்று கையை ஆட்டி அழுத்திச் சொன்னான். இன்னொரு தடவை சொல்ல வைத்தார். பிறகு அவன் முருங்கைக்காயைக் காட்டி ஏதோ கேட்டான். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "முருங்கைக்காய்" என்றார். அவன் "முருங்ககா" என்றான். "காய்" என்றார் டீச்சர். "காய்" என்றான். கிணறு வந்தது. அணில் வந்தது. இருபது நிமிஷம். என் கை வலித்தது.

போனை வைத்ததும் கேட்டேன். "டீச்சர், உவெர்த்தோன்னுதானே முடிவு பண்ணியிருந்தோம்?"

"தெரியும்ப்பா" என்றார், கீரைப் பாத்தியில் விழுந்திருந்த சருகைப் பொறுக்கியபடி. "நாம சரியாச் சொன்னா பசங்க தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. தப்பாச் சொன்னாத்தான் வாயைத் திறப்பாங்க. உங்க கிளாஸ்லயும் அப்படித்தானே பண்ணேன்?"

எட்டாம் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் எழுதின பிழைகளை எழுந்து நின்று கம்பீரமாகத் திருத்தினவர்களில் நானும் ஒருவன். எத்தனை பிழை என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.